மேளத்தை நிறுத்திய குணவதி

தில்லையம்பலம் அந்தப் பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்த விதத்திலேயே குணவதிக்கு விளங்கியிருக்கவேண்டும். மனுசன் சத்தம் போடாமல் கதவைத் திறந்து, சப்பாத்தையும் கழற்றாமல், எதையோ ஜக்கெற்றால் மூடிக்கொண்டு வந்தால் அது வீட்டுக்குத் தேவையான சாமான் இல்லை என்பது எந்தப் பெண்சாதிக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அவள் குசினியில் இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தாள். நீராவியில் மூக்குக்கண்ணாடி மங்கிப்போய் இருந்ததால் ஒன்றையும் கவனிக்கவில்லை.

தில்லையம்பலம் ரொறன்ரோவில் கலியாண வீடு, சாமத்திய வீடு எல்லாவற்றுக்கும் வீடியோ எடுக்கிறவர். தங்கமான மனுசன், ஆனால் சந்தைக்கு வருகிற புதுச் சாமான் எதையும் அவரால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அந்த வருசம் அவருடைய கண் ட்ரோனில் விழுந்திருந்தது. நாலு சின்ன விசிறியும், வயிற்றில் ஒரு கமராவும், கையில் வைத்து ஓட்டுகிற றிமோட்டுமாக, சாப்பாட்டுத் தட்டளவில் வெள்ளை வெளேரென்று இருந்தது அது. வீட்டுக்குள் பறக்கவிடவேண்டாம் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பெட்டியில் எழுதியிருப்பதை வாசிக்கிற ஆளா அவர்? சாப்பாட்டு மேசைக்கு மேலே வைத்துப் பாகங்களைப் பூட்டினார், பொத்தானை அமத்தினார், விசிறிகள் நாலும் சுழன்று இரையத் தொடங்கின.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று குணவதிக்கே தெரியாது. இடியப்பத் தட்டுகள் குசினி வாசலில் சிதறிக் கிடந்தன. அவள் மேசைக்குக் கீழே, முகம் நிலத்தில் பட, இரண்டு கைகளாலும் தலையை மூடியபடி குப்புறக் கிடந்தாள். வழுக்கி விழுந்துவிட்டாள் என்றுதான் தில்லையம்பலம் முதலில் நினைத்தார். விசயம் விளங்கினதும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒருமாதிரிப் பொத்தானைத் தேடி நிறுத்திவிட்டு, தொந்தியையும் பாராமல் முழங்காலில் தவழ்ந்து மேசைக்குக் கீழே போய் அவள் முதுகில் கையை வைத்தார். சத்தம் நின்று கனநேரத்துக்குப் பிறகுதான் அவள் தலையைத் தூக்கினாள்.

“அடுப்பை நிப்பாட்டுங்கோ,” என்றாள். “பானையில தண்ணி வத்தப்போகுது.”

அது 2016 தை மாதம். போர் முடிந்து ஏழாவது வருசம் ஓடிக்கொண்டிருந்தது. குணவதி வன்னியில், விசுவமடுப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். இடையில் சண்டை நின்ற சமாதான காலத்தில் வன்னிக்குப் போகிற பாதை திறந்தபோது தில்லையம்பலம் கனடாவிலிருந்து போய் அவளைக் கலியாணம் முடித்தார். அவளைக் கனடாவுக்கு எடுக்கிற ஸ்பொன்சர் அலுவலைப் பார்க்கிறேன் என்று திரும்பி வந்தார். அலுவல் இழுபட்டுக்கொண்டே போனது. பிறகு பாதையையும் மூடினார்கள், சண்டையும் தொடங்கிவிட்டது. அவர் ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில், பதினேழாம் மாடியில் போனைக் கையில் பிடித்தபடி இருந்தார். அவள் அங்கே பங்கருக்குள் இருந்தாள்.

சண்டையின் கடைசி மாதங்களில் வன்னிச் சனத்துக்கு மேலே இராணுவத்தின் ஆளில்லாத வேவு விமானம் ஒன்று இரவு பகலாகச் சுற்றும். அதன் இரைச்சலைக் கேட்டுச் சனம் அதற்கு வண்டு என்று பெயர் வைத்திருந்தது. வண்டு வந்து ஓரிடத்தில் சுற்றினால் பின்னாலேயே ஷெல் வரும். ஆகவே வண்டு எந்தப் பக்கம் நிற்கிறது, விலகிப் போகிறதா, திரும்புகிறதா என்று காதால் பார்த்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவதும் தண்ணீருக்குப் போவதும். கண்ணுக்கு அது தெரியாது. குணவதி அப்படியே இடம் இடமாக நகர்ந்து, கடைசியில் முகாமுக்குள்ளும் கிடந்து, 2010 முடிகிற நேரம் ரொறன்ரோவில் வந்து இறங்கினாள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவளை மூலையில் குந்தியிருந்து கண்ணீர் விடுகிற பெண் என்று யாராவது நினைத்தால் அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டுவார்கள். வாய்க்காரி அவள். வந்த முதல் வருசமே கார் ஓட்டப் பழகி, இப்போது கமராச் சாமான் ஏற்றுகிற வான் வண்டியை அவள்தான் ஓட்டுகிறாள்; பக்கத்தில் இருந்து பிரேக்கை மிதி மிதி என்று காலால் தரையை உதைப்பவர் தில்லையம்பலம். கிழமை நாட்களில் ஸ்காபறோவில் ஒரு ரேக் அவுட் சாப்பாட்டுக் கடையில் வேலை. அங்கே முட்டை வைத்துச் சுற்றிப் பொரிக்கிற பெரிய ரோல்ஸுக்கு மிதிவெடி என்று பெயர். ஒரு காலம் மிதிவெடிக்குப் பயந்து பார்த்துப் பார்த்துக் கால் வைத்தவள் இப்போது விடிய எழும்பி மிதிவெடி பொரிக்கிறேன் என்று அவளே சொல்லி, அவளே முதலில் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவளை ஒரு சத்தம் மேசைக்குக் கீழே படுக்கவைத்துவிட்டது. அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் கூட. இவ்வளவு கடல் தாண்டி வந்து, சொந்த வீட்டில் சொந்த மேசைக்குக் கீழே கிடந்ததை நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தில்லையம்பலம் அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிட்டார். நாளைக்குக் கடையில் திருப்பிக் கொடுக்கிறேன் என்றார். ஆனால் விசயம் அவ்வளவு லேசில்லை. மார்க்கம் நகரில் இருக்கிற யோகராணி அக்காவின் மகன் ஜெனோசனுக்கு மாசியில் கலியாணம். மாப்பிள்ளை வெள்ளைக் குதிரையில் வெளிக்கிடுவார், அதை வானத்திலிருந்து படம் பிடிப்பார்கள் என்று அக்கா பாதி ரொறன்ரோவுக்குச் சொல்லி முடித்திருந்தார். வாக்குக் கொடுத்தவர் தில்லையம்பலம். வாக்கை மாற்றினால் யோகராணி அக்கா உயிரோடு தோலை உரித்துவிடுவார். குணவதி இரண்டு நாள் பெட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். மூன்றாம் நாள் தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்துவிட்டு முடிவைச் சொன்னாள்.

“இஞ்சேருங்கோ, இந்தக் கலியாணம் முடியுமட்டும் அது வீட்டில இருக்கட்டும். அதுக்குள்ள எனக்குப் பழகிச்சுதெண்டால் வைச்சிருப்பம். இல்லையெண்டால் அடுத்த நாளே வித்துப்போடவேணும். அதுக்குப் பிறகு ஒரு கதை கதைக்கக்கூடாது.”

அவர் தலையாட்டினார். வேறு என்ன செய்வார்?

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் வானை எடுத்துக்கொண்டு ஸ்காபறோவில் ஒரு வெறும் வெளிக்குப் போவார்கள். குளிர்காலத்தில் அங்கே நாய்கூட வராது. தில்லையம்பலம் பனிக்குள் இறங்கி ட்ரோனை ஏற்றுவார். குணவதி வானுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, தமிழ் ரேடியோவைப் பெரிதாகப் போட்டுக்கொண்டு இருப்பாள். முதல் நாள் கண்ணாடியை இறக்கவேயில்லை. அடுத்த கிழமை விரலளவு இறக்கினாள், பிறகு சாண் அளவு. உள்ளே வந்தது சத்தம் மட்டுமில்லை, ரொறன்ரோவின் மாசிக் குளிரும்தான். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் அது பறக்கும்வரை ஒருமாதிரிச் சமாளித்துவிடலாம் என்று கண்டுகொண்டாள்.

அந்தக் குளிர்தான் அவளுக்கும் ட்ரோனுக்கும் முதல் ஒற்றுமையை உண்டாக்கியது. ஏனென்றால் இவ்வளவு வீறாப்பாக இரைகிற சாமான், குளிர் என்றால் சுருண்டுவிடும். வெய்யில் காலத்தில் தாக்குப்பிடிக்கிற நேரத்தில் பாதிகூட அதன் பற்றரி தாக்குப்பிடிக்காது. விறைத்த பற்றரியோடு ஏற்றினால் ஏறினதும் தெரியாது, விழுந்ததும் தெரியாது. றிமோட்டில் பூட்டியிருக்கிற போனில்தான் கமராப் படம் தெரியும். குளிரில் அந்தப் போனும் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். தில்லையம்பலத்தின் விரலோ கையுறையைக் கழற்றி ஒரு நிமிசத்தில் மரக்கட்டை. குளிரில் இந்தப் பாடு படுகிற ஒன்றைப் பார்க்க அவளுக்குத் தான் வந்திறங்கின முதல் வருசம் நினைவு வந்து சிரிப்பு வந்தது. வானை விட்டு இறங்கி, பற்றரிகளை அவரிடமிருந்து பறித்து, ஜக்கெற்றுக்குள், கம்பளிக்குள், அதற்கும் உள்ளே சட்டையோடு சட்டையாகச் செருகிக்கொண்டாள். என்ன செய்கிறாய் என்று அவர் கேட்டதற்கு, அடைகாக்கிறேன் என்றாள்.

இவ்வளவும் சரிவந்தது. ஒன்று மட்டும் சரிவரவில்லை. ட்ரோன் தலைக்கு மேலே வந்து, அண்ணாந்து பார்த்தும் கண்ணில் படாமல், சத்தம் மட்டும் கேட்டால் அவளுடைய முழங்கால் மடங்கிவிடும். மனதுக்கு விளங்கியது காலுக்கு விளங்கவில்லை. கலியாணத்துக்கு முந்தின கிழமையும் பனிக்குள் குந்திவிட்டாள். எழும்பி உடுப்பைத் தட்டிக்கொண்டு, கலியாணம் முடிந்ததும் விற்றுவிடுங்கோ என்று தில்லையம்பலத்திடம் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்தது. தோற்றுப்போன அழுகை அது, அவளுக்குப் பழக்கமில்லாதது.

கலியாண நாள் விடிந்தபோது வெளியே மைனஸ் இருபத்தாறு. காற்றையும் சேர்த்தால் நாற்பதுக்குக் கிட்ட. மூச்சு விட்டால் மீசையில் ஐஸ் கட்டுகிற குளிர். காலையிலேயே குதிரைக்காரர் போன் பண்ணி, இந்தக் குளிரில் என் குதிரை வராது, மாப்பிள்ளை வேண்டுமானால் நடந்து போகட்டும் என்று சொல்லிவிட்டார். குதிரைக்கு இருக்கிற புத்தி மனுசருக்கு இல்லையே. யோகராணி அக்கா பச்சைக் காஞ்சிபுரத்துக்கு மேலே ஆண்பிள்ளைகளின் ஜக்கெற் ஒன்றைப் போட்டுக்கொண்டு, குதிரை போனால் போகட்டும், வானத்துப் படமாவது வரவேண்டும் என்று தில்லையம்பலத்தின் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார்.

ஒன்பது மணிக்கு ராகுகாலம். அதற்கு முன்னர் மாப்பிள்ளை படலையைத் தாண்டிவிடவேண்டும். மார்க்கம் வீட்டில் படலை ஏது? கார் நிற்கிற ட்ரைவ்வேயைத் தாண்டினால் சரி என்று ஐயர் சொல்லியிருந்தார். ஆனால் தலைப்பாகை கட்டியவர் பிழையாகக் கட்டி, அவிழ்த்து, திரும்பவும் கட்டி, எல்லாரும் வெளியே வரும்போது ஒன்பதாக ஒரு சில நிமிசம்தான் இருந்தது. கராஜுக்குள் நின்று நாதஸ்வரமும் தவிலும் வெளுத்து வாங்கின. பெண்கள் தட்டங்களோடு பனியில் நின்று நடுங்கினார்கள். பூக்கட்டின கார் உறுமிக்கொண்டு நின்றது.

ட்ரோனை ஏற்றுவதற்கு முன்னர் கொஞ்சம் பொறுக்கவேண்டும். அது வானத்தில் சுற்றுகிற செய்மதிகளைப் பிடித்து, தான் நிற்கிற இடம் எது என்று அறிந்துகொள்ளவேண்டும். அறிந்துகொண்டால் காற்றடித்தாலும் நின்ற இடத்தில் நிற்கும், பொத்தானை அமத்தினால் தானாகவே வீடு திரும்பும். அன்றைக்குக் குளிரில் அது வழக்கத்தைவிட மெதுவாகத் தேடிக்கொண்டிருந்தது. தில்லையம்பலம் ஒரு நிமிசம் பொறுங்கோ என்றார். ராகுகாலம் பொறுக்குமோ என்று யோகராணி அக்கா கேட்டார். இருபது வருசத் தொழிலில் தில்லையம்பலம் கமராவுக்காக ஒரு முகூர்த்தத்தையும் பிந்தவிட்டவர் இல்லை. செய்மதியாவது மண்ணாங்கட்டியாவது என்று ஏற்றிவிட்டார்.

முதலில் எல்லாம் வடிவாகத்தான் போனது. மாப்பிள்ளை வாசலில் காலை வைத்தார், ஆராத்தி எடுத்தார்கள், ட்ரோன் மேலேயிருந்து எல்லாவற்றையும் பார்த்தது. பிறகு வீட்டுக் கூரைக்கு மேலே ஏறினதும் காற்று அதை அள்ளிக்கொண்டது. அதே நேரம் தில்லையம்பலத்தின் கையிலிருந்த போன் அணைந்துவிட்டது. அண்ணாந்து பார்த்தார். வெள்ளை வானம், கூரையிலிருந்து காற்று வாரி வீசுகிற வெள்ளைப் பனி, அதற்குள் வெள்ளை ட்ரோன். எங்கே என்று தேடுவது? செய்மதியைப் பிடிக்காமல் ஏற்றியதால் வீடு திரும்புகிற பொத்தானும் வேலை செய்யாது. வீட்டுக்குப் பின்னால் வெறும் வயல், முன்னால் வாகனம் போகிற பெரிய தெரு, நடுவில் தட்டம் ஏந்தின சனம். பற்றரி எந்த நிமிசமும் செத்துவிடும், அது யார் தலையில் விழுமோ தெரியாது.

குணவதி அவருக்குப் பின்னால், வயிற்றில் பற்றரிகளை அணைத்தபடி நின்றாள். தலைக்கு மேலே எங்கேயோ அந்தச் சத்தம். கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் பயந்தது போலவே முழங்கால் மடங்கியது, பனிக்குள் குந்திவிட்டாள். கை தானாகத் தலைக்குப் போனது. ஆனால் காது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. தவில் சத்தத்துக்கும் கார் சத்தத்துக்கும் இடையில் அந்த இரைச்சல் வந்து வந்து அறுந்துகொண்டிருந்தது. தில்லையம்பலத்தின் கால்கள் அவள் முகத்துக்கு நேரே பனியில் அங்கும் இங்கும் தடுமாறிக்கொண்டிருந்தன. அவள் தலையிலிருந்து கையை எடுத்தாள்.

“மேளத்தை நிப்பாட்டுங்கோ,” என்றாள்.

கலியாண வீட்டில் யாரும் வாயால் சொல்லாத சொல் அது. மாப்பிள்ளை வெளிக்கிடுகிற நேரம் மேளத்தை நிறுத்துவதா? யோகராணி அக்காவின் முகம் கறுத்துவிட்டது. இவளுக்கு என்ன விசரோ என்று இரண்டு மூன்று பேர் வாய்விட்டே கேட்டார்கள். குணவதி குந்தியிருந்தபடியே கராஜைப் பார்த்துத் திரும்பவும் சொன்னாள், இந்த முறை ஊரே கேட்கத் தக்கதாக. அவள் பார்த்த பார்வையில் தவில்காரரின் கை அந்தரத்தில் நின்றது. நாதஸ்வரம் பாதியில் அறுந்தது. காரையும் நிறுத்தச் சொன்னாள், நிறுத்தினார்கள். அவ்வளவு சனமும் பனிக்குள் மூச்சுவிடாமல் நின்றது.

குணவதி கண்ணை மூடிக்கொண்டாள்.

“வயலுக்கு மேல நிக்குது. வலக்கைப் பக்கம். தூரப் போகுது.” தில்லையம்பலம் றிமோட்டைத் தள்ளினார். “இல்லை, இன்னும் போகுது. மற்றப் பக்கம் தள்ளுங்கோ. ஓம், இப்ப திரும்புது. அப்பிடியே வரட்டும். இன்னும். இப்ப எங்களுக்கு மேல. மெல்ல இறக்குங்கோ.”

அவர் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளுடைய முகத்தைப் பார்த்துத்தான் ஓட்டினார். அது பனிப்புகைக்குள்ளிருந்து வெள்ளை வெளேரென்று வெளியே வந்தபோது குணவதி எழும்பி நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழும்பினாள் என்று அவளுக்குத் தெரியாது. தலைக்கு மேலே ஒரு முழத்தில் பற்றரி உயிரை விட்டது. விழுந்ததை அவள் இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டாள்.

யாரும் சொல்லாமலே தவில்காரர் கெட்டிமேளத்தை அடித்தார். சனம் கைதட்டியது. யோகராணி அக்கா மகனைப் பிடித்துக் காருக்குள் தள்ளினார். ராகுகாலம் பிறக்க முன்னர் கார் ட்ரைவ்வேயைத் தாண்டிவிட்டது. மண்டபத்தில் அன்றைக்கு மாப்பிள்ளை பொம்பிளையைவிடக் குணவதியைத்தான் சனம் கூடப் பார்த்தது. யோகராணி அக்கா போகிற வருகிற எல்லாரிடமும், மேளத்தை நிறுத்தச் சொன்னது தான்தான் என்கிற மாதிரிக் கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். குணவதி திருத்தப் போகவில்லை. இரண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்தாள். அவளுக்கு ஊர்ப்பட்ட சந்தோசம்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து, சேலை மாற்றி, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது தில்லையம்பலம் ட்ரோன் படத்தை லப்டொப்பில் போட்டார். போன் அணைந்தாலும் கமரா தன் பாட்டில் எடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. குணவதி தன்னைத் தேடினாள். சிவப்புச் சேலை, கறுப்பு ஜக்கெற், இந்தா நிற்கிறாள். யோகராணி அக்காவின் பச்சைச் சேலை தெரிந்தது. ஒரு தட்டத்தில் இருந்தது வாழைப்பழம் என்பதும் தெரிந்தது. ஒரு குழந்தை தொப்பியைக் கழற்றி எறிய, தாய் எடுத்துப் போட, அது திரும்பவும் எறிந்தது. தில்லையம்பலம் அதைப் பார்த்துச் சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொன்னாள், இன்னொருமுறையும் போடச் சொன்னாள். மூன்றாம் முறை அவள் சிரிக்கவில்லை.

“மேல இருந்து பாத்தால் இவ்வளவு வடிவாத் தெரியுமோ?” என்று கேட்டாள். “அப்ப வண்டு விட்டவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். நாங்கள் சனம் எண்டு.”

தில்லையம்பலம் லப்டொப்பை மூடினார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, நாளைக்கே விளம்பரம் போட்டு விற்றுவிடுகிறேன் என்றார்.

குணவதி அவருடைய கையை விட்டுவிட்டு எழும்பி, மேசையில் கிடந்த ட்ரோனை எடுத்தாள். விசிறிகளில் ஒட்டியிருந்த ஈரத்தைச் ஒரு துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

“விக்கவேண்டாம்,” என்றாள். “ஆனால் இனிமேல் ஏத்த முதல் கீழ நிக்கிற சனத்துக்கு நான் சொல்லுவன். எல்லாரும் அண்ணாந்து பாத்துக் கை காட்டினாப் பிறகுதான் நீங்கள் ஏத்தவேணும்.”